அரண்மனைச் சுவரில் ஈரம்

சிறிலின் ஓராண்டு நினைவுப் பூசை முடிந்து, ஆக்லாந்து நகரின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில், அவர் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மகன் ஜெரோஷன் டிவியில் அப்பாவின் படம் ஒன்றைப் போட்டான். வேளாங்கண்ணிக்குப் போன வழியில், பாழடைந்த அரண்மனை ஒன்றில் எடுத்தது. கூரையில்லாத மண்டபம், இடிந்த சுவர். அதன்முன் முழந்தாளிட்டுத் தலை குனிந்திருந்தார் சிறில்.

"ராஜாக்களோட பெருமையெல்லாம் மண்ணாப் போன இடத்துல, மனுஷன் மண்டி போட்டு ஜெபிக்கிறாரு பாருங்க," என்றார் ஃபாதர் திருமாறன். தமிழ்நாட்டுக்காரர். "கல்லறைக்கு இதைவிட நல்ல படம் வேணுமா?"

கல்லறைக் கல்லில் படம் பொறிப்பவர் தன் கடையில் இவர்கள் முடிவுக்காகக் காத்திருந்தார். 'இடைவிடாது செபித்தவர்' என்ற வரியும் தயார். அம்மா சரி என்றால் போதும்.

சிறிலின் மனைவி புஷ்பமலருக்கு அவரைத் தெரியும். பிரசங்க நேரமெல்லாம் கோயில் கூரையின் கறையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்த வரி கல்லில் ஏறிவிட்டால், அவள் பூக்கொண்டு போவது வேறு யாரோ ஒருவரிடம்.

"ஃபாதர், இவர் செபிக்கேல்லை," என்றாள்.

"மம், லீவ் இட்," என்றான் ஜெரோஷன், விட்டுவிடச் சொல்லி.

"ஈரம் பாத்தவர். கையை வடிவாப் பாருங்கோ."

படத்தைப் பெரிதாக்கினான். குவிந்த கைகளுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு மீட்டர். வீடு வாங்குவோருக்குச் சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் சிறிலின் தொழில். ஆக்லாந்தின் ஒழுகும் வீடுகள் போட்ட சோறு. யாத்திரைக்கும் அந்த மீட்டரைக் கொண்டுபோயிருந்தார்.

"காவல்காரன் ஓடி வந்திட்டான், 'என்ன பண்றீங்க சார்?' எண்டு. இவர் எழும்பேல்லை. 'தம்பி, உந்தச் சுவர் நல்லா ஊறிப்போச்சு. ஆர் கட்டினது?' 'ராஜா சார்.' 'ஆளைக் கூப்பிடும்.' 'அவர் செத்து முந்நூறு வருஷமாச்சு சார்.' 'எங்கட ஊர்ச் சட்டத்தில, கட்டிப் பத்து வருசம் தாண்டினா வழக்குப் போடேலாது. தப்பிட்டார்.'"

ஜெரோஷன் தரையைப் பார்த்தான். பிறகு, நகரின் இன்னொரு பக்கம் தகனினியிலிருந்து வந்திருந்த மலேசியக்காரி விக்னேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள்.

"எங்க வீட்டுக்குச் சாப்பிடத்தான் கூப்பிட்டோம்லா. இலை போட்டாச்சு, ஆளைக் காணோம். பாத்ரூம் சுவத்தைத் தட்டிக்கிட்டு இருக்காரு. 'சாப்பாடு பிறகு, முதல்ல இந்த டைல்ஸைக் கழட்டுங்கோ'ங்கிறாரு."

இன்னொருவர், தன் கராஜ் கூரையில் சிறில் ஏறிய கதையைத் தொடங்கினார். ஃபாதர் தாடையைத் தடவினார்.

"பாவசங்கீர்த்தனக் கூண்டுல கேட்டதை வெளிய சொல்லக் கூடாது," என்றார். "ஆனா இது பாவக் கணக்குல வராது. சிறில் முழங்கால்ல இருந்துக்கிட்டே, 'ஃபாதர், உங்கட பக்கத்துப் பலகையில பூஞ்சணம்'னாரு. அவர் பாவத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் மூக்கைப் பிடிச்சிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்."

ஜெரோஷன் சிரித்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இந்தப் படம் வேணாமா, அம்மா?" என்று தமிழிலேயே கேட்டான்.

"இதுதான் வேணும். வரியை எடு. மீட்டரை வடிவாத் தெரியப் போடச் சொல்லு."

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். உள்ளே கராஜ் கதை கூரையிலிருந்து இறங்கவில்லை. வெளியே ஜெரோஷன் கல் வெட்டுபவரிடம் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தான்: இல்லை, அது செபமாலை இல்லை.