ஓடாத காலின் எலும்பு

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் எலும்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். செத்த மிருகங்களின் எலும்பை வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளையிட்டு, கம்பியில் கோத்து நிறுத்தி வைப்பது அவள் வேலை. அந்தப் பெயருக்கு அவள் கோபித்துக்கொண்டதில்லை. "ஏன், உங்களுக்கெல்லாம் எலும்பு இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தேய்ப்பதைத் தொடர்வாள்.

இப்போது அவள் மேசைமேல் கிடந்தது பெரியவள். மிருகக்காட்சிசாலையில் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு சிவிங்கிப் புலிகளில் மூத்தது. எலும்புக்காரியின் கணவர்தான் அவற்றைப் பார்த்துக்கொள்பவர். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர், பெரியவள், சின்னவள் என்று பெயர் வைத்தவர், எல்லாம் அவரே.

கூண்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு திடல் வேண்டும் என்று கணவரை நச்சரித்து மேலாளரிடம் கேட்க வைத்தது எலும்புக்காரிதான். உடம்பைப் பார்த்தாலே அதன் பிழைப்பு தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. சிறுத்தையின் முன்னங்கால் தடித்திருக்கும். இரையைக் கவ்விக்கொண்டு மரமேறும் கால் அது. சிவிங்கிக்கு அந்த வலு கிடையாது. நீண்டு மெலிந்த கால், சின்னத் தலை, காற்றை வாரி இழுக்கும் அகன்ற மூக்கு, முழுதாக உள்ளே போகாமல் மண்ணைப் பற்றும் நகம், திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசிச் சமன்படுத்தும் வால். முதுகெலும்போ வில்மாதிரி வளைந்து நிமிர்ந்து ஒவ்வொரு தாவலையும் நீட்டிக் கொடுக்கும். தலைமுறை தலைமுறையாக வேகத்தில் பின்தங்கியது பசியில் செத்து, முந்தியது குட்டி போட்டு, ஓட்டத்துக்கென்றே இழைத்து எடுத்த உடம்பு.

"இப்படி ஒரு உடம்பக் குடுத்துட்டு எட்டடி கூண்டுல நடக்கச் சொன்னா என்ன நியாயம்?" என்பாள்.

திடல் தயாரானது. திறந்துவிட்ட முதல் காலையே பெரியவள் ஓடினாள். பார்த்தவர்கள் மூச்சை விடவில்லை. கடைசித் திருப்பத்தில் முன்னங்கால் ஒடிந்து உருண்டாள். சிகிச்சைக்குக் கொடுத்த மயக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவேயில்லை.

புழுதி அடங்கட்டும் என்று அன்று காலை திடலில் தண்ணீர் தெளித்தவர் கணவர். அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வழுக்கிடுச்சு. வளத்த கையாலயே கொன்னுட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சனிக்கிழமை சின்னவளைத் திறந்துவிட வேண்டும் என்று மேலாளர் நெருக்கிக்கொண்டிருந்தார். கணவர் முடியாது என்றார். வீட்டில் அதுவே சண்டையானது.

"ஒருத்தி தடுக்கி விழுந்தா ஊரே நடக்காம உக்காந்துடுமா?" என்றாள் அவள். "இந்தத் தடவ தண்ணி தெளிக்காதீங்க. அவ்வளவுதான்."

"ஏட்டுச் சுரைக்கா பேசாத. நீ செத்ததப் பார்க்கறவ. நான் உசுரோட பார்க்கறேன்."

"அப்ப உசுரோட இருக்கறது என்ன கேக்குதுன்னு சொல்லுங்க பார்ப்போம். விடிஞ்சதும் சின்னவ எங்க போய் உக்கார்றா?"

அவருக்கும் தெரியும். கூண்டையும் திடலையும் பிரிக்கும் கம்பிக்கதவருகில்தான் சின்னவள் போய் உட்காருவாள். முன்கால்களை மடக்கி, தோளைத் தாழ்த்தி, திடலின் மறுகோடியையே பார்ப்பாள்.

"சரிம்மா, தொறக்கறேன்" என்றார் கடைசியில். "நீ சொல்றேங்கறதுக்காக."

வெள்ளிக்கிழமை மதியம் எலும்புக்காரி பெரியவளின் ஒடியாத பக்கத்து முன்கை எலும்பைப் பிடித்துத் துளைபோட ஆரம்பித்தாள். எந்த எலும்பு எவ்வளவு எதிர்க்கும் என்று அவள் மணிக்கட்டுக்குத் தெரியும். கொஞ்சம் அழுத்த வேண்டும், துளையிடும் ஊசி முனகும், பிறகுதான் வழிவிடும். இது முனகவில்லை. காய்ந்த ரொட்டிக்குள் போவதுபோல ஊசி உள்ளே போய்விட்டது.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். கிடங்குக்குப் போய், எப்போதோ காட்டிலிருந்து வந்த சிவிங்கி ஒன்றின் அதே எலும்பை எடுத்து வந்தாள். இரண்டையும் அருகருகே வைத்தாள். நீளம் ஒன்று, வளைவு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் உடன்பிறப்பு என்று சொல்லலாம். கையில் தூக்கியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. காட்டு எலும்பின் சுவர் சிரட்டைபோலத் தடித்திருந்தது. பெரியவளுடையது முட்டை ஓடுபோல மெலிந்திருந்தது.

எலும்பின் வடிவம் பரம்பரைச் சொத்து. உறுதி அப்படியல்ல, அது அன்றாடக் கூலி. குட்டி ஓடும்போது ஒவ்வொரு குதிப்பும் எலும்பை அதிர வைக்கும். அதிர்ந்த இடத்தில் உடம்பு சுண்ணாம்பைக் கொண்டுவந்து பூசும். அதிராத எலும்புக்கு உடம்பு செலவழிக்காது. பெரியவளின் தசைக்கும் மூளைக்கும் மூதாதையரின் வேகம் அப்படியே வந்திருந்தது. அதைத் தாங்கும் கால்தான் வரவில்லை. வடிவத்தைப் படித்துப் படித்து எலும்புக்காரி இதைக் கோட்டைவிட்டிருந்தாள்.

இரண்டு எலும்பையும் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கூண்டுக்குப் போனாள். கணவர் தண்ணீர்த்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் இரு கையிலும் கைக்கொன்றாக வைத்தாள்.

"தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தார். லேசானதைக் காட்டி, "இது எது?" என்றார்.

"நம்ம பெரியவ. தண்ணியால வழுக்கலங்க. ஈரமில்லாம இருந்தாலும் ஒடிஞ்சிருக்கும். காலுக்குள்ள ஒண்ணுமே இல்ல."

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். நெஞ்சில் வைத்த பாறாங்கல்லை யாரோ தூக்கினாற்போல முதுகு தளர்ந்தது. கொஞ்ச நேரம் அழுதார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும்.

"அப்ப இதுவும்..." என்று கம்பிக்கதவருகே பதுங்கியிருந்த சின்னவளைப் பார்த்தார்.

"ஒரே கூண்டு. ஒரே வளர்ப்பு."

"கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கலாமே? முதல்ல பாதித் திடல். நான் கூடவே நிக்கறேன். மெதுவா ஓடுடின்னு சொல்லி..." இத்தனை நாள் வேண்டாம் என்றவர் இப்போது கெஞ்சினார்.

"மெதுவா ஓட அவளுக்குத் தெரியாதுங்க. அந்த உடம்புல அது இல்ல. குட்டியா இருக்கும்போதே விட்டிருந்தா எலும்பும் கூடவே வளர்ந்திருக்கும். இப்ப வயசாயிடுச்சு. தொறந்தா ஒரே ஒரு தடவ ஓடுவா."

"நீதானம்மா ஓடப் பொறந்த உடம்புன்ன."

"ஆமா. அது பொய்யில்ல. அதான் தொறக்கக் கூடாதுங்கறேன்."

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே பராமரிப்பு வேலை என்று பலகை மாட்டினார். கணவர் கதவுக்கு இரண்டாவது பூட்டும் போட்டார். ஆனால் பூட்டினாலும் திடல் தெரிந்தது. தெரியும்வரை சின்னவள் அங்கேயே பதுங்கிக் கிடந்தாள். ஆகவே புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு பச்சைத் தார்ப்பாயைக் கொண்டுவந்து கதவை முழுதாக மறைத்துக் கட்டினார்கள். அவர் மேல்முனையைப் பிடித்தார், அவள் முடிச்சுப் போட்டாள்.

சின்னவள் வந்து தார்ப்பாயை முகர்ந்தாள். பிறகு அதன்மேலேயே சாய்ந்து படுத்துவிட்டாள்.

காற்று அடித்தபோது அடிவிளிம்பு லேசாகத் தூக்கியது. அந்த இடுக்கில் வெளிச்சமும் கொஞ்சம் மண்ணும் தெரிந்தன. உடனே அவள் எழுந்து, தோளைத் தாழ்த்தி, வாலை நீட்டிக்கொண்டாள்.

"விளிம்புல கல்ல வைங்க" என்றாள் எலும்புக்காரி. சொல்லும்போது அவள் திரும்பி நின்றிருந்தாள். அவர் போய்க் கற்களைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார்.