தேற்றமும் தீட்டும்

"அழாத. கண்ணு வீங்கினா போட்டோவுல தெரியும்" என்றாள் அன்னலட்சுமி. மருமகள் நிரோஷினியின் கையிலிருந்த போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து நிரோஷினியின் தம்பி ரவிகுமார் அப்போதுதான் பேசியிருந்தான். அப்பா ராஜலிங்கம் விடியற்காலையில் இறந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் அடக்கம்.

"மாமி, நான் போகணும்."

"போ, யாரு வேணாங்கிறா? உன் பாராட்டு விழா முடியட்டும். உங்கப்பா தோட்டத்து ஆபீஸ்ல பெரிய கிளாக்கர்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கோம். இப்ப இழவுன்னு தெரிஞ்சா கண்டி டவுனே கூலிக்காரங்க லயத்து வீட்டுல வந்து நிக்கும். எங்க மானம் என்னாகிறது?"

நிரோஷினி கணவனைப் பார்த்தாள். கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "கொஞ்ச நேரந்தானே, நிரோ. முடிஞ்ச கையோட நானே கூட்டிட்டுப் போறேன்."

மாதவிலக்கு நாட்களில் மருமகளைச் சாமியறைப் பக்கமே விடாத அன்னலட்சுமி, அன்று சாவுத்தீட்டோடு அவளுக்குப் பட்டு உடுத்தி, பூ வைத்து, கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள்.

வர்த்தகர் சங்கத் தலைவர் இராமநாதன் மேடையில் வாசித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதல் வகுப்பு. ஜப்பானில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம். முடிச்சுகளைப் பற்றிய கணிதத்தில், உலகத்து அறிஞர்கள் ஒரு தலைமுறையாக முயன்றும் கைகூடாத தேற்றத்தை நிறுவியவர். "பெரிய கிளாக்கர் ராஜலிங்கத்தின் அருமைப் புதல்வி!"

மண்டபம் கைதட்டியது. அந்தத் தேற்றத்தோடு நிரோஷினி மல்லுக்கட்டிய வருடங்களில், போன் எடுக்கும்போதெல்லாம் "முடிச்சு அவுந்துருச்சாம்மா?" என்று கேட்ட ஒரே மனிதர் அப்பாதான்.

இராமநாதன் மாலையோடு நெருங்கினார். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"எங்கப்பா கிளாக்கர் இல்ல. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டின தொழிலாளி. இன்னைக்குக் காலையில செத்துட்டாரு. லயத்துல கெடத்தியிருக்காங்க. என்னப் போக விடல."

இராமநாதன் மாலையோடு பின்வாங்கினார். ஐயர் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் திரை போட்டார். முன்வரிசைப் பெண்கள் சேலையை ஒடுக்கிக்கொண்டு எழுந்தார்கள். அப்பாவுக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். கலஹாவில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஓடினாள். எதிரே ஆண்கள் மண்வெட்டிகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏக்கா, உனக்காகத்தான் அப்பாவ வச்சிருந்தோம். மழை வச்சிருக்க விடல..." ரவிகுமார் அவள் தோளில் முகம் புதைத்து அழுதான்.

இருட்டும் நேரத்தில் கிருஷ்ணராஜின் கார் வந்தது. அவன் லயத்துக்கு ஏறவில்லை. கீழே ரோட்டில் நின்றே அவளைக் கூப்பிட்டான்.

"நிரோ, முப்பது நாள் கழியிற வரைக்கும் வீட்டுக்கு வர வேணாம்னு அம்மா சொல்றாங்க. தீட்டாம்."

"பட்டு உடுத்திவிட்டப்ப இல்லாத தீட்டா?" என்றாள் அவள். "முப்பது கழிஞ்சாலும் வரமாட்டேன்னு சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல் மேலேறிப்போய், அம்மா பாலம்மாவின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.