ஃபோம் அறையில் பாடிய பாட்டுகள்

இப்போதெல்லாம் எவனும் எதையும் திருப்பிப் பார்ப்பதில்லை. போனில் படத்தைப் பார்த்துச் சோபா வாங்குகிறார்கள். வந்து இறங்கியதும் ஏறி உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கி, ஆகா ஓகோ என்று அதையும் ஒரு படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். நடுவில் குழி விழுந்து, அதே சோபாவை வண்டியில் போட்டுக்கொண்டு சோபாக்காரர் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். அவர் விலை பேசமாட்டார், துணி காட்டமாட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லி முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் அடித்திருக்கிற கறுப்புத் துணியை ஒரே இழுப்பு. உள்ளே பழப்பெட்டிப் பலகை இருக்கும், பாதி இறங்கிய ஆணி இருக்கும், ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த சாக்கு இருக்கும். "இதுமேலதான் குடும்பத்தோட உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்பார். வந்தவர்களுக்கு முகம் சுண்டிப் போகும். போனால் போகட்டும். அவருக்கு நாக்கில் எப்போதுமே தேன் கிடையாது.

அப்படிப்பட்டவரைத்தான் அன்றைக்கு மத்தியானம் மகள் கைஜாடை காட்டிப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். அது ஃபோம் அடுக்கி வைக்கிற அறை. தரையிலிருந்து கூரை வரைக்கும் மூன்று பக்கமும் ஃபோம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியுலகம் செத்துப் போனது போல இருக்கும். கையைத் தட்டினால் சத்தம் கைக்குள்ளேயே விழுந்துவிடும். அதனாலேயே மகள் அந்த அறையைப் பிடித்துக்கொண்டாள். பகல் முழுக்க உறை வெட்டுவாள், தைப்பாள். வேலை ஓய்ந்த நேரத்தில் இரைச்சல் போடுகிற கம்ப்ரஸரை அப்பாவை நிறுத்தச் சொல்லிவிட்டு, உள்ளே மைக்கை வைத்துத் தானே எழுதிய பாட்டுகளைத் தானே பாடிப் பதிவு செய்வாள். துணியைப் பலகையோடு சேர்த்துப் பின் அடிக்கிற துப்பாக்கிக்குக் காற்று வேண்டும், காற்றுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். அது நின்றால் அவருக்கு வேலை நின்றது. அரைகுறைச் சோபா ஒன்றின் மேல் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். பொறுமை போனதும் கதவைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று ஒரு சத்தம் போடுவார்.

அதெல்லாம் போன வருஷத்துச் சங்கதி. இப்போது மகளுக்குக் குரல் இல்லை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. மூச்சு அதன் வழியாகத்தான் போய்வருகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் எழுதுவாள். போன் அதை ஒரு பெண் குரலில் படிக்கும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. சோறு கேட்டாலும் அதே குரல், வலிக்கிறது என்றாலும் அதே குரல். சோபாக்காரர் அதற்குப் போன்காரி என்று பேர் வைத்திருந்தார். போன்காரி பேசும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார். அது பேசி முடிந்ததும் மகளின் முகத்தைப் பார்த்து, முகத்துக்குத்தான் பதில் சொல்வார்.

அறைக்குள் கீபோர்டுக்காரன் ஃபோம் கட்டின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். கச்சேரிகளில் வாசிக்கிறவன். மகளின் பாட்டுகளுக்குப் பின்னணி சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான். ஆள் நல்லவன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதாலேயே சோபாக்காரருக்குச் சந்தேகம்.

"எந்திரி. ஃபோம் அமுங்கிடும்."

"அமுங்கினா எழும்பாதா பெரியவரே? நல்ல ஃபோமுன்னு சொன்னீங்க."

"நல்ல ஃபோம்தான். உக்கார்றவன் அப்படி."

மகளின் தோள் குலுங்கியது. அவள் சிரிப்பு இப்போது அப்படித்தான். கழுத்துத் துணி மட்டும் லேசாக உப்பி அடங்கும்.

கீபோர்டுக்காரன் விஷயத்தைச் சொன்னான். பாட்டுகள் தயார். வெளியே விட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தனி ஆள் நேரே போய், ஜனங்கள் பாட்டுக் கேட்கிற இடங்களில் போட முடியாது. நடுவில் ஒரு கம்பெனி வேண்டும். அதற்கென்றே நிறையக் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களிடம் கொடுத்தால் உலகம் பூராவும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

"அதாவது புரோக்கர்" என்றார் சோபாக்காரர்.

"அப்படிச் சொல்லாதீங்க."

"வீடு புடிச்சுக் குடுக்கிறவனும்தான் தன்னைப் புரோக்கர்னு சொல்லிக்க மாட்டான். சரி, மேல சொல்லு."

அலசிப் பார்த்ததில் இரண்டு கம்பெனிகள் தேறியிருந்தன. முதல் கம்பெனிக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். பாட்டால் வருவதெல்லாம் பாடினவளுக்கே.

"ஒரு வருஷம் கட்டாம விட்டா?"

"பாட்டை எடுத்துடுவாங்க."

"எங்கேருந்து?"

"எல்லா இடத்துலேருந்தும்தான்."

"வாடகை வீடுன்னு சொல்லு. காசு வரலைன்னா சாமானைத் தூக்கித் தெருவுல வீசுறது."

"தெருவுல கூட இருக்காது பெரியவரே. இல்லாமலே போயிடும்."

இரண்டாவது கம்பெனி அப்படியில்லை. கட்டணமே கிடையாது. வருமானம் வந்தால் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். வராவிட்டாலும் பாட்டை எடுக்கமாட்டார்கள், காலத்துக்கும் இருக்கும். அதைச் சொல்லும்போது மகள் தலையை ஆட்டினாள். அவள் ஏற்கெனவே மனசில் முடிவு கட்டிவிட்டாள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கவுத்துப் போடு" என்றார்.

"எதை?"

"அந்தக் கம்பெனியை. காசே வேணாம்னு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு வந்தா அவனைத்தான் முதல்ல கவுக்கணும். அடியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான், படி."

கீபோர்டுக்காரன் மகளைப் பார்த்தான். மகள் ஃபோம் அடுக்கின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கீழே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அந்தக் கனைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது. பின் அடித்த துணிக்குள் என்ன கிடக்கிறதோ என்று கையை விடுகிறவனைப் போலக் காத்திருந்தார்.

"இதுல குடுத்தா, மிஷினுக்குப் பாடக் கத்துக்குடுக்க அக்கா குரலை அவங்க எடுத்துக்கலாம்."

"கத்துக்கிட்டு?"

"அக்கா குரல்லயே மிஷின் வேற பாட்டு பாடும்."

"அவ பாடாத பாட்டையா?"

"ஆமா."

"அவளைக் கேக்காமலா?"

"அதைத்தான் இப்ப கேக்குறாங்க. முதல் கம்பெனியில வேணாம்னு சொல்லிடலாம். இதுல சொல்ல முடியாது. சம்மதிச்சாத்தான் பாட்டை எடுத்துப்பாங்க."

சோபாக்காரருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. எவனோ ஒருத்தன், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, இவள் குரலை எடுத்துச் சோப்பு விற்கப் பாட வைப்பான். குடித்துவிட்டு ஆடுகிறவனுக்குப் பாட வைப்பான். இவள் இங்கே கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் காற்றுகூட வராமல், உறை வெட்டிக்கொண்டிருப்பாள். "அவகிட்ட இருந்ததை அறுத்துத்தான் எடுத்துட்டாங்க. மிச்சம் கிடக்கிறதையும் அள்ளிக் குடுக்கச் சொல்றியாடா?"

"நான் சொல்லலை பெரியவரே. நான் அந்த முதல் கம்பெனியைத்தான் சொன்னேன்."

மகள் எழுத ஆரம்பித்தாள். கட்டைவிரல்கள் ஓடின. போன்காரி பேசினாள்: "நான் எல்லாம் படிச்சிட்டேன் அப்பா. எனக்குச் சம்மதம். யாரோ பாடிட்டுப் போகட்டும். பாடாம கிடக்கிறதுக்கு அது தேவலை."

அவர் மகள் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை. ரெக்சினை எங்கே வெட்டலாம் என்று கணக்குப் போடுகிறவள் முகம்தான் இருந்தது.

"வருஷக் காசை நான் கட்டுறேன்" என்றார். "உனக்கென்ன கவலை? நான் இருக்கிற வரைக்கும் ஒரு வருஷம் தவறாது. முதல் கம்பெனியிலேயே போடு."

அவள் எழுதினாள். ஒரே ஒரு வார்த்தை.

"அப்புறம்" என்றாள் போன்காரி.

கேள்வியாகக் கேட்கத் தெரியாத சனியன் அது. ஆனாலும் கேள்வி அறையில் நின்றது. அவருக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. அவளுக்கு மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி டாக்டர், அப்பா காதில் விழக் கூடாதென்று, மகளிடம் போனில் எழுதிக் காட்டினார், அவரிடம் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்றால் அவருக்கு அப்புறமா, அவளுக்கு அப்புறமா என்று அவர் கேட்கவில்லை. மூன்று பக்கமும் இருந்த ஃபோம், சத்தத்தைத் தின்கிற மாதிரி அந்தக் கேள்வியையும் தின்றுவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

கீபோர்டுக்காரன்தான் மெல்ல இழுத்தான். "இன்னொண்ணும் இருக்கு. கடைசிப் பாட்டுல உங்க குரலும் இருக்கு."

"என் குரலா? நான் எங்கடா பாடினேன்?"

"பாடலை. இருக்குற எல்லாக் குரலுக்கும் ஒப்புதல் வேணும். நீங்க சம்மதிக்கணும், இல்லைன்னா அந்த இடத்தை வெட்டணும். அக்கா வெட்டக் கூடாதுங்குறாங்க. கேளுங்க."

அவன் பாட்டை ஓடவிட்டான். அது அவள் கடைசியாகப் பாடியது. அப்போதே குரல் கம்மியிருந்தது. ஃபோம் தூசு தொண்டையைப் பிடித்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவரும் அதையேதான் நினைத்தார். ஃபோம் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தொண்டை கரகரக்கும், அவருக்கே ஆயுசு பூராவும் கரகரப்புதான். மூக்குக்குக் கட்டத் துணி வாங்கிக் கொடுத்தார், வெந்நீர் குடிக்கச் சொன்னார். கீபோர்டுக்காரனோ, "இந்தக் கொஞ்சம் உடைஞ்ச குரல்தான்கா இந்தப் பாட்டுக்கு அழகு, இப்படியே பாடுங்க" என்று சொன்னான். அவளும் பாடினாள். இப்போது கேட்கக் கேட்க மூன்று பேருமே தரையைப் பார்த்தார்கள். ஏனென்றால் அவன் சொன்னது பொய்யில்லை. இருக்கிற பாட்டுகளிலேயே அதுதான் அழகு.

பாட்டு ஓய்ந்தது. கொஞ்சம் மௌனம். பிறகு கதவுக்கு வெளியிலிருந்து கடுகடுவென்று ஒரு கிழவன் சத்தம் போட்டான்: "முடிஞ்சுதா?"

உடனே, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்திலிருந்து அவள்: "முடிஞ்சுதுப்பா. ஏன் இப்படிப் பறக்குறீங்க?"

சோபாக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கைக்கு ஃபோம்தான் கிடைத்தது, உள்ளே அமுங்கியது. பாட்டாகப் பாடினவை எத்தனையோ இருந்தன. அவரிடம் அவள் பேசியது என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அப்படி ஒன்று மிஞ்சியிருப்பதே அவருக்கு இதுவரை தெரியாது.

"அந்த இடத்தை மட்டும் தனியா வெட்டி எனக்குக் குடுத்துடு" என்றார். "வெளியில போட வேணாம்."

மகள் தலையசைத்தாள், இல்லையென்று. எழுதினாள். "அதுவும் போகணும் அப்பா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கோம்ல."

போன்காரிக்கு அதைச் சொல்லும் தகுதி எங்கே இருக்கிறது? ஆனால் சொல்லிவிட்டாள். அவர் மகள் முகத்துக்குப் பதில் சொன்னார்.

"என் குரலை வச்சுக்கிட்டு அந்த மிஷின் என்ன பண்ணும்? ஊர் ஊரா போய் முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு கேக்குமா?"

மகளின் தோள் குலுங்கியது. கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், அவள் குனிந்து துணியைப் பொத்திக்கொண்டாள். அவர் கை அவள் முதுகுக்குப் போய் நின்றது. தட்டவில்லை, அப்படியே வைத்திருந்தார். மூச்சு அடங்கியதும் எடுத்தார்.

கீபோர்டுக்காரன் லேப்டாப்பை அவர் பக்கம் நீட்டினான். "இங்க சும்மா ஒரு அமுக்கு பெரியவரே. சம்மதம்னு."

அவர் தன் விரலைப் பார்த்தார். நுனியில் பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. வேட்டியில் துடைத்தார். திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார்.

"நான் அமுக்க மாட்டேன்" என்றார். "எனக்கு அவனுங்க மேல நம்பிக்கை இல்லை. காலத்துக்கும்னு சொல்றவன் எவனும் காலத்துக்கும் இருந்ததில்லை." பிறகு மகளைப் பார்த்து, "நீ அமுக்குறதுன்னா என் விரல்னு நெனச்சு அமுக்கிக்கோ. நான் வந்து சண்டை போட மாட்டேன். ஆனா அதை வெட்டாதே."

வெளியே வந்து கதவைச் சாத்தினார். பட்டறையில் காலையில் வந்த சோபா கால்களை மேலே தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. கறுப்புத் துணி பாதி கிழிந்து தொங்கியது. குனிந்து உள்ளே பார்த்தார். வெளிச்சம் போதவில்லை. "என்னமோ இருக்கு அடியில. அந்தப் பய படிச்சதோட நிக்காது" என்று முணுமுணுத்தார். துப்பாக்கியைக் கையில் எடுத்தார், காற்று இல்லை. கம்ப்ரஸர் பக்கம் நடந்தார்.

கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உள்ளே பாட்டை மறுபடியும் ஓடவிட்டிருந்தார்கள். அது ஓய்கிற இடம் வந்தது. கொஞ்சம் மௌனம். அறைக்குள்ளிருந்து அவர் குரலே அவரைப் பார்த்துச் சத்தம் போட்டது.

"முடிஞ்சுதா?"

அவள் பதில் சொல்வதற்குள் சோபாக்காரர் கம்ப்ரஸர் சுவிட்சைப் போட்டுவிட்டார்.