வெள்ளிப் பசை ஏறிய நூல்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கேக்கில் பிறந்தது. ஸ்வீடனில், நோர்ஷொபிங் நகரில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், சாதனை படைத்தவர் கேக் வாங்க வேண்டும். அளந்து கிடைத்த சாதனை எண்ணை அதன் மேல் க்ரீமால் எழுத வேண்டும். சொதப்பியவரும் வாங்க வேண்டும். அது எண் இல்லாத மொட்டைக் கேக்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கரிய நூலொன்று மின்னலைக் கனவு கண்டு—’ [வேண்டாம். எனக்கே கூசுகிறது.]

2
துவா என்பவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்கே தெரியாத கார்பன் நானோகுழாய்களை நூலாக முறுக்கி, மின்கடத்தும் பாலிமரில் முக்கி உலர்த்துவது அவள் வேலை. படிப்பு முடியப்போகிறது, நூல் மட்டும் சோம்பலாகவே மின்சாரம் கடத்தியது. இன்று மீட்டரில் மின்தடை சரசரவென்று இறங்கியது.*

“சிக்ஸ்டன்! ஓடி வாடா! செம்புக் கம்பியையே எட்டிப் பிடிச்சிடுவோம் போல!”

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். “மீட்டர் உயிரோட இருக்கா பாரு முதல்ல.”

“வயித்தெரிச்சல் உனக்கு!”

இருவரும் பாதுகாப்புக் கண்ணாடியோடு குதித்தார்கள். இந்த எண் நின்றால் அவளுக்குப் பட்டம். உடனே பேக்கரிக்கு ஃபோன் போட்டு கேக் சொன்னாள்; எண்ணைப் பிறகு சொல்வதாகச் சொன்னாள்.

* தடை குறைந்தால் கடத்தல் கூடும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

3
இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு குதிப்பவள் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாளா? பார்த்தாள், என்னைக் கேட்காமலே.

நூலின் முனைகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய வெள்ளிப் பசை, நூலுக்குள் ஊறி ஏறியிருந்தது. வெள்ளியோ மின்சாரத்தை அபாரமாகக் கடத்தும். முனையோடு நின்றதா, நடுவரை போனதா, தெரியவில்லை.

“அப்போ நீ அளந்தது நூலையா, வெள்ளியையா?” சிக்ஸ்டன் சிரித்த சிரிப்பில் அவன் கண்ணாடி மூடுபனியானது. “பேசாம விட்டுடுடி, யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமேடா!”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. பளபளத்த முனைகளை நறுக்கென்று வெட்டினாள். பசையே இல்லாமல், மீட்டர் கம்பிகளை நடுத்துண்டின் மேல் நேராக அழுத்தப் போனாள்.

4
முடிவு அ: தடை எகிறுகிறது. மொட்டைக் கேக். சிக்ஸ்டன் இரண்டு துண்டு தின்கிறான்.

முடிவு ஆ: எண் அசையாமல் நிற்கிறது. அவன் அவளைத் தூக்கிச் சுற்றுகிறான், பாலிமர் குப்பி கவிழ்ந்து—

[இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கின்றன. அதுதான் தொல்லை.]

ஃபோன் அடிக்கிறது. பேக்கரிக்காரம்மா: “கடையைச் சாத்தப்போறேன் கண்ணு. எண் போடணுமா, மொட்டையா?”

துவாவின் இரண்டு கைகளிலும் கம்பிகள். சிக்ஸ்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கோ மீட்டரைப் பார்க்கவே பயம்.

நீங்கள்தான் சும்மா இருக்கிறீர்கள். அந்த ஃபோனுக்குப் பதில் சொல்லுங்கள்.