இண்டூர் லைனில் கரண்டு போகவில்லை

என் தம்பி மாதவராஜைப் போல ஒரு முட்டாளை இந்தத் தர்மபுரி ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வயிறு எரிந்துதான் சொல்கிறேன்.

தக்காளி பயிர் போட்டுப் பாலக்கோடு மண்டிக்கு ஏற்றிப்போகிறவனுக்கு இப்போது யார் பெண் கொடுக்கிறார்கள்? அம்மா இல்லாத வீடு. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட நான்தான் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் பக்கத்து இண்டூரில் கோகிலவாணி அமைந்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஆனாலும் துளிகூடப் பிகு கிடையாது. பூ வைக்க நாள் பார்ப்பதற்குள் இருவரும் போனில் பேசிப் பழகட்டும் என்று விட்டோம்.

இந்த ஊமைக்கோட்டானுக்குப் பேச்சு வர வேண்டுமே! "சாப்டீங்களா"வுக்கு மேல் ஓடவில்லை. அவள்தான் போனிலேயே கேரம் ஆடலாம் என்றாள். அவள் அங்கிருந்து ஆட, இவன் இங்கிருந்து ஆட, கேலியும் சிரிப்புமாகப் பேச்சு தானாக வளர்ந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகுதான் தெரிந்தது இவன் செய்த வேலை. தோற்கப்போகிறோம் என்றால் நெட்டை அணைத்துவிடுவானாம். நடுவில் தொடர்பு அறுந்தால் அந்த ஆட்டம் செல்லாதாம். அப்புறம் போன் போட்டு, "கரண்டு போயிடுச்சுங்க, வைஃபை நின்னுபோச்சு" என்பானாம். எங்கள் பக்கம் அடிக்கடி கரண்டு போவதால் அப்படிச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். ஆனால் இண்டூருக்கும் எங்களூருக்கும் ஒரே லைன். இங்கே போனால் அங்கேயும் போகும். அவள் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது இவன் கரண்டு இல்லை என்றிருக்கிறான்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்கூர்ல கரண்டு இருக்குதுங்களா?"

"இருக்குதே கண்ணு, மாவாட்டிக்கிட்டுத்தான இருக்கறன். ஏன், அங்க இல்லியா?"

"இங்கயும் இருக்குதுங்க்கா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் அப்பா, "பொண்ணு யோசிக்குதுங்க" என்றார். இவனை உலுக்கி விஷயத்தைப் பிடுங்கினேன்.

"கேரம் காயிக்காடா ஒரு நல்ல பொண்ணத் தொலைப்ப? இப்பவே மன்னிப்புக் கேளுடா, எருமை!"

என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட வைத்தேன். அவள் எடுத்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

"ஆட்டத்துல யார் ஜெயிச்சா என்னங்க? தோக்கறப்பெல்லாம் பொய் சொல்லிட்டு ஓடிட்டா, நாளைக்கு வூட்ல ஒரு கஷ்டம்னா நான் யார்கிட்டப் பேசறது? பொய்தான் சொன்னேன்னு ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்க. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

எவ்வளவு பெரிய மனசு! சொல்லுடா, சொல்லுடா என்று ஜாடை காட்டினேன். அவன் உதடு அசைந்தது. அடுத்த நொடி அவன் விரல் போனைத் துண்டித்துவிட்டது.

"டவர் போயிடுச்சுக்கா" என்றான், என்னிடமே.

அடிக்கக் கை ஓங்கினேன். அதற்குள் என் போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, அங்க டவர் இல்லீங்களா?"

மாதவராஜ் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். 'ஆமாம் கண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண் என்னை நம்பிக் கேட்கிறாளே!

"டவர் இருக்குது கண்ணு" என்றேன். "அவன்தான் வெச்சிட்டான்."



"சரிங்க்கா. உடம்பப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மாதவராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்து, "பொய்தான் சொன்னேன்க்கா, பொய்தான் சொன்னேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அதைக் கொஞ்சம் முன்னால் அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி!