பன்னிரண்டாவது மாடியில் பெண் பார்த்தல்

லிஃப்ட் ஏழாவது மாடியைத் தாண்டும்போதே லீலாவுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. உலகத்தில் எவராவது பெண் பார்க்க மொட்டைமாடிக்குக் கூப்பிடுவார்களா? புருஷோத்தமன் வீட்டார் கூப்பிட்டார்கள். அவன் மவுண்ட் ரோட்டில் இந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆபீசெல்லாம் மூடியிருக்கும், மெட்ராஸ் மொத்தத்தையும் காட்டுகிறோம் என்று அவன் அம்மா காந்திமதி சொல்லியனுப்ப, லீலாவின் அப்பா கோதண்டராமன் வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டார். வல்லத்திலிருந்து பஸ் பிடித்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி வந்து சேர்ந்தார்கள்.

லீலாவுக்கு உயரம் ஆகாது. போன வருஷம், தொண்ணூறாம் வருஷச் சித்திரைத் திருவிழாவில், திருக்கழுக்குன்றம் மலைமேல் நின்று கீழே பார்த்தவள் மயங்கி விழுந்தாள். கூட வந்த சனம் சும்மா இருக்குமா? அவள் பேக்கிங் வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வரைக்கும் காக்கா வலிப்பு என்று பேச்சுப் பரவிவிட்டது. ரெண்டு வரன் அதிலேயே தட்டிப்போனது. இதுவும் போனால் அப்பா தாங்கமாட்டார். இன்றைக்கு விழக்கூடாது, அவ்வளவுதான்.

மாடிக்கு வந்ததும் காற்று புடவையைப் பிடுங்கியது. கோதண்டராமன் நேரே கைப்பிடிச் சுவருக்கே போய்விட்டார். கடல், லைட்ஹவுஸ், சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு, நடுவில் தென்னையும் ஓட்டுவீடுமாக ஊர் பரந்து கிடந்தது. மனுஷன் பச்சைக் குழந்தையாகிவிட்டார்.

"லீலா, இங்க வந்து பாரேன். பஸ்ஸெல்லாம் இத்தினியூண்டு தெரியுது."

"இங்கருந்தே தெரியுதுப்பா." அவள் தண்ணீர்த்தொட்டியை ஒட்டி நின்றிருந்தாள்.

காந்திமதி விடவில்லை. "இன்னாம்மா, இம்மாந்தூரம் வந்துட்டு அங்கியே நின்னுகினு கீற? வா, கீழ பாரு" என்று கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனாள். ரோடு ஆடியது. லீலாவுக்குக் கண் இருட்டியது. விழுவதற்கு முன்னால் அவளே சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு உயரம்னா பயங்க. மயக்கம் வரும். வலிப்பெல்லாம் இல்ல. புடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. காந்திமதியோ குனிந்து அவள் கண்ணை, வாயோரத்தை, கைவிரல்களை மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சிரித்தாள்.

"வெறும் பயம்தான். மலைமேல வுழுந்த சேதி எங்க காதுக்கும் வந்துச்சுண்ணே. கண்ணால பாத்துடலாம்னுதான் இங்க வரச் சொன்னோம். எங்களுக்குச் சம்மதம்."

கோதண்டராமன் கைகூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. லீலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

புருஷோத்தமன் ரெண்டடி தள்ளி நின்றிருந்தான். வரும்போது லிஃப்டில் தன் ஸ்டூலை அவளுக்கு இழுத்துப் போட்டவன். அந்த ஒரு காரியத்துக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிருந்தது.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

தலையாட்டினான்.

"நான் வுழுந்திருந்தா புடிச்சிருப்பீங்களா? இல்ல, வலிப்பு வருதான்னு பாத்துக்கினு நின்னிருப்பீங்களா?"

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

லீலா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குச் சம்மதம் இல்லப்பா. வாங்க, போலாம்."

லிஃப்டுக்கு அவனைத்தான் கூப்பிடவேண்டும் என்று உறைத்ததும், படிக்கட்டுப் பக்கம் திரும்பி, பன்னிரண்டு மாடியையும் இறங்கத் தொடங்கினாள்.