டப்பாவில் வந்த கொத்தனார்கள்

அமினோ அமிலப் பொடியில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் கலக்கிச் செந்தட்டி குடித்தால், மறுநாள் காலையில் வாசலில் கொத்தனார்கள் வந்து நிற்பார்கள். அவன் தோளிலும் தொடையிலும் சதை கட்டுவது அவர்கள் வேலை. டப்பாவில் அப்படித்தான் போட்டிருந்தது.

மீசை முளைத்த நாளிலிருந்து அவனுக்கு ஊர்க் கபடி அணியில் இடம் இருந்தது. இந்த வருஷம் பயிற்சியாளர், "தோளு வத்திப்போச்சேடே. தேர்வன்னைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். அணியில் இல்லாவிட்டால் தான் யார் என்று யோசிக்கவே செந்தட்டிக்குப் பயமாக இருந்தது. கரண்டிகளைக் கூட்டினான்.

கொத்தனார்கள் தங்கமான ஆட்கள். கரணையும் சட்டியுமாக வந்து, "என்ன வேல அண்ணாச்சி?" என்றார்கள். வேலைதான் இல்லை. மனைவி மாரிச்செல்வி வைக்கும் முட்டையிலிருந்தும் பாசிப்பயறிலிருந்தும் வந்த ஆட்கள் முன்பே தோளில் சாரம் கட்டி நின்றார்கள். அவன் ஓடியாடிய அளவுக்குத்தான் கட்ட இடமும் இருந்தது. காய்ச்சலில் சோறு இறங்காமல் கிடந்த எதிர்வீட்டுக்காரர், டாக்டர் சொல்லி ஒரு கரண்டி குடித்தார். அவர் வீட்டுக்கு வந்தவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வேலையில்லாதவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைப்பது செந்தட்டியின் இரண்டு சிறுநீரகங்களின் பொறுப்பு. முதலில் சிரித்த முகமாகத்தான் செய்தன. பிறகு படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டன.

"பாவம், அதுக ரெண்டும் இன்னைக்கிச் சாப்பிடக்கூட வரல. இன்னும் எத்தன பேரத்தான் கூப்பிடுவீங்க?" என்றாள் மாரிச்செல்வி.

"தேர்வு முடியட்டும்."

மிஞ்சிய ஆட்கள் சும்மா இருக்கப் பிடிக்காமல் கூடத்தில் இன்னொரு செந்தட்டியைக் கட்டினார்கள். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தான்.

தேர்வுக்கு இருவருமே போனார்கள். பயிற்சியாளர் புதியவனின் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பனியனைக் கொடுத்தார். முதுகில் செந்தட்டி என்று போட்டிருந்தது. செந்தட்டி அழுகையை அடக்கிக்கொண்டு புதியவனின் பையைத் தூக்கிவந்தான்.

சாப்பாட்டில் புதியவன் கையே வைக்கவில்லை. கொத்தனார்களுக்குச் சதை மட்டும்தான் கட்டத் தெரியும். அவனுக்குப் பின்வாசலில் நிற்கச் சிறுநீரகம் இல்லை.

"அண்ணே, ஒங்ககிட்ட ரெண்டு இருக்குல்லா," என்றான் தயங்கி.

படியில் இருந்த சிறுநீரகங்களில் ஒன்று புதியவனிடம் கேட்டது: "நீங்க பொடி குடிப்பீகளா?"

"இல்ல. சோறுதான்."

இரண்டும் எழுந்து தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு புதியவன் பக்கம் போய் நின்றன. மாரிச்செல்வி வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.